நான் விற்ற கூபே

ஐந்து சிலிண்டர் டீசல் இன்ஜின் குளிரில் கிளம்புகிற சத்தத்தைத் தூக்கத்திலும் என்னால் அடையாளம் சொல்ல முடியும். முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் அந்த இன்ஜினைத்தான் பூட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் என் சமையலறை ஜன்னலுக்குக் கீழே தினமும் காலை ஏழே காலுக்குக் கிளம்பிய வண்டியின் சத்தம் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. அது என் வண்டி. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை என் வண்டி. அப்புறம் மாடி வீட்டு டாசோஸின் வண்டி. அதைக் கேட்டபடியே நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவேன். தடவுகிறேன் என்று பெயர்தான். கத்தியால் ரொட்டியைக் குத்திக்கொண்டிருப்பேன்.

பொறாமையா என்றால் ஆமாம், பொறாமைதான். அறுபத்தாறு வயதில் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வயிற்றெரிச்சல் என்று சொல்கிறார்களே, அது சும்மா பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே எரிகிறது. மருந்துக்கடைக்காரி மாத்திரை கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூபே என்பார்கள்: இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, பக்கவாட்டில் நடுத்தூண் கிடையாது. நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டால் முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே திறப்பு. நிறம் வேர்க்கடலைத் தோல் நிறம். இந்த அழகான உடம்புக்குள் டாக்ஸிக்காரர்கள் ஓட்டுகிற டீசல் இன்ஜின். இந்த ஜோடியை எங்கள் தொழிற்சாலை எங்கள் நாட்டுக்காரர்களுக்கு விற்றதே இல்லை. இங்கே கூபே வேண்டுமென்றால் பெட்ரோல்; டீசல் வேண்டுமென்றால் நாலு கதவு. டீசல் கூபேயை நாங்கள் இங்கே பூட்டி, துடைத்து, கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினோம். பந்தியில் பரிமாறியவனுக்குச் சாப்பாடு இல்லை என்கிற கதை. அன்றைக்கே எனக்கு அமெரிக்காக்காரன்மேல் பொறாமை. ஆக, எனக்கு இது புதிய வியாதியும் இல்லை.

தொண்ணூற்று இரண்டில் பக்கத்து ராணுவ முகாமைக் காலி செய்தார்கள். டெல்பர்ட் என்ற அமெரிக்கச் சிப்பாய் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வரும்போது தன்னோடு கூட்டிவந்த கூபேயைத் திரும்பக் கப்பலேற்ற அவனுக்கு மனமில்லை. நான் போய் வாங்கிவந்தேன். ஓக்லஹோமா மாநில முத்திரை போட்ட காகிதம் ஒன்றையும் கொடுத்தான்: முதன்முதலில் சாலைக்கு வந்தது மார்ச் 1983. பதிவு அலுவலகத்தில் இருந்த பெண் அந்த இங்கிலீஷ் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் பதிவு என்ற கட்டத்தில் அன்றைய தேதியை அடித்துத் தள்ளிவிட்டாள். ஒன்பது வயது வண்டி எங்கள் நாட்டுக் காகிதத்தில் பிறந்த குழந்தை ஆகிவிட்டது. எனக்கு உள்ளூர சந்தோஷம். இளமை கூடினால் யாருக்குக் கசக்கும்?

பத்தொன்பது வருஷம் ஓட்டினேன். குளிரில் சாவியைப் பாதி திருகி, மஞ்சள் விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரக்காரனுக்கு அது வண்டியே இல்லை. மேடேறும்போது பின்னால் வருகிறவன் முகத்தில் கரியைப் பூசும். சாலையில் கொட்டுகிற உப்பு ஒவ்வொரு குளிர்காலமும் சக்கர வளைவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. சில நாள் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிய பிறகும் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மூடியைத் தூக்கி உள்ளே இருக்கிற நெம்புகோலை அமுக்கினால்தான் அடங்கும். இத்தனையும் இருந்தும், நதிக்கரைச் சாலையில் எண்பது கிலோமீட்டரில் அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் நான் ராஜா. ஒவ்வொரு தடவையும் ராஜா.

பிறகு அந்த ஸ்டிக்கர் வந்தது. புகையைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை. பச்சை இல்லாத வண்டி ஸ்டட்கார்ட் நகருக்குள் நுழையக் கூடாது. என் கூபேக்குச் சிவப்புகூடக் கிடைக்கவில்லை. செய்தித்தாளில் தினமும் டீசலைத் திட்டி எழுதினார்கள். நான் பயந்துபோனேன். முப்பது வயது முடிந்த வண்டிக்கு நம்பர் பலகையில் ‘எச்’ என்ற எழுத்தைக் கொடுப்பார்கள், அந்த எழுத்து இருந்தால் ஸ்டிக்கரே வேண்டாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் காகிதத்தைப் பார்த்து வாழ்கிறவன். எங்கள் நாட்டுக் காகிதத்தில் அது பிறந்தது தொண்ணூற்று இரண்டில்; பதிவுப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காத ஓக்லஹோமாக் காகிதம் செல்லும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் பதினொரு வருஷம் யார் காத்திருப்பது என்று நினைத்தேன். டாசோஸ், ‘எனக்குக் குடுத்துடேன்’ என்றான். ஒரு நல்ல சைக்கிளின் விலைக்குக் கொடுத்துவிட்டு, கிறுக்கன் மாட்டினான் என்று சிரித்துக்கொண்டே மாடிப்படி இறங்கினேன்.

டாசோஸ் கிரேக்கன். பதினாறு வயதில் அப்பாவோடு இங்கே வந்தவன். தொழிற்சாலையில் எனக்கு எதிர் மேஜை. இன்ஜினைப் பூட்டிய வருஷத்தைக் காகிதத்தில் தேடுகிற ஆள் இல்லை அவன். இன்ஜினைப் பார்த்தே சொல்லிவிடுவான். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, முற்றத்தில் நின்று என்னைக் கூப்பிட்டான்.

“ஓட்மார், இந்த நம்பரைப் பாரு. எண்பத்து மூணு ஜனவரி. இதைப் பூட்டினதே நாமதான்யா! இன்னும் ரெண்டே வருஷம், முப்பது ஆயிடும்.”

அந்த இடத்தில்தான் என் வயிறு முதலில் எரிந்தது.

அடுத்த இரண்டு வருஷம் நான் சமையலறை ஜன்னலில் வாழ்ந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை. அவன் சக்கர வளைவுகளை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தான். சாவியை எடுத்தும் நிற்காத இன்ஜினோடு அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்கப் பார்க்கத் திண்டாடியபோது நான் காப்பியோடு வந்து ஜன்னலில் நின்றுகொண்டேன். அந்த வண்டியில் கதவைப் பூட்டுவதும் இன்ஜினை நிறுத்துவதும் ஒரே காற்றுறிஞ்சும் குழாய்தான்; கதவுப் பூட்டுக்குப் போகிற கிளையில் கசிவு. எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் எவ்வளவு சுகம்! ஆனால் புதன்கிழமையே அவனாகக் கண்டுபிடித்து மாற்றிவிட்டான். காப்பி வீண்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். என் மனைவியைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் வைத்திருந்த காலத்தில் ஹன்னலோரே அந்த வண்டியில் ஏறும்போதெல்லாம் மூக்கைப் பொத்துவாள். டீசல் நாற்றம் கம்பளிக் கோட்டில் ஏறுகிறதாம். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் டாசோஸும் அவன் மனைவி வாசோவும் சந்தைக்குப் போகும்போது இவளும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். திரும்பி வரும்போது கன்னம் சிவந்து, தலை கலைந்து, இருபது வயசுப் பெண் மாதிரி வந்தாள்.

“அப்பப்பா! நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு ஆத்தோரமா வந்தோம் பாரு. என்னா காத்து!” என்றாள், முள்ளங்கிக் கட்டை மேஜைமேல் போட்டபடி.

“பத்தொம்பது வருஷம் அது நம்ம வண்டியா இருந்துச்சு. அப்போ உனக்கு ஜன்னல் கண்ணுக்குத் தெரியலையா?”

“நீ எங்க இறக்க விட்டே? காத்து உள்ள அடிச்சா டீசல் கூடச் செலவாகும்னு நீதானே சொன்னே!”

“உண்மைதானே அது.”

“உண்மைதான். அதான் இப்போ செலவு பண்றவன்கூடப் போறேன்” என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருஷம், இரண்டாயிரத்துப் பதின்மூன்று, மார்ச்சில் கூபேக்கு முப்பது வயது ஆனது. அதே மாதம் நகராட்சி ஒரு அறிவிப்பு ஒட்டியது. ஜூலை ஒன்று முதல் எங்கள் ஊரும் தடைப் பகுதிக்குள் வருகிறது. பச்சை ஸ்டிக்கரோ ‘எச்’ எழுத்தோ இல்லாத வண்டி கேரேஜை விட்டே வெளியே வர முடியாது.

எங்கள் கட்டடத்தில் பெருக்கும் முறை உண்டு. எந்த வீட்டுக் கைப்பிடியில் சின்னப் பலகை தொங்குகிறதோ, அந்த வாரம் படிக்கட்டும் முற்றமும் அந்த வீட்டுப் பொறுப்பு. அன்று பலகை எங்களுடையது. நான் முற்றத்தில் கூபே விட்டுவிட்டுப் போன எண்ணெய்ப் பொட்டுகளை, எண்ணிக்கொண்டே, தேய்த்துக்கொண்டிருந்தேன். டாசோஸ் வந்து நின்றான்.

“அந்த விளக்குமாத்தை ஒரு நிமிஷம் கீழ வையேன். முக்கியமான விஷயம்.”

“இது முக்கியமில்லையா? பதினோரு பொட்டு. நான் வெச்சதா இது?”

“அட, நான் துடைச்சுத் தரேன்யா. இதைக் கேளு. எச் பலகைக்குப் போனேன். வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு அந்த ஆளே கை தட்டாத குறை. ஆனா காகிதத்துல தொண்ணூத்து ரெண்டுன்னு இருக்கேங்கறான்.”

“இன்ஜின் நம்பரைக் காட்ட வேண்டியதுதானே.”

“காட்டினேன். ‘செஞ்ச தேதி வேற, ரோட்டுக்கு வந்த தேதி வேற. சட்டம் கேக்குறது ரோட்டுக்கு வந்த தேதி’ன்னுட்டான். அமெரிக்காவுல முதல்ல பதிஞ்ச காகிதம் வேணுமாம். அந்தச் சிப்பாய் உன்கிட்ட ஏதாச்சும் குடுத்தானா?”

கொடுத்தான். என் படிக்கும் அறையில், இடமிருந்து நாலாவது கோப்பில், ‘கூபே’ என்று நான் கைப்பட எழுதிய தடுப்பட்டைக்குப் பின்னால், துளையிட்டு, ஒழுங்காக இருந்தது. இருபது அடி தூரம்.

அவன் முகத்தைப் பார்த்தேன். இந்தக் காகிதம் கிடைத்தால் இவன் இதை ஸ்டட்கார்ட்டுக்கே ஓட்டிப் போவான். என் மனைவி பின்சீட்டில் உட்கார்ந்து போவாள். கிடைக்காவிட்டால் ஜூலையில் வண்டி கேரேஜில் முடங்கும். முடங்கினால் விற்பான். விற்றால் யாருக்கு விற்பான்? இவ்வளவையும் ஒரு மூச்சில் நினைத்துவிட்டேன். பாவி மனசுக்கு வேகம் அதிகம்.

“குடுத்தான். ஆனா ரெண்டாயிரத்து ரெண்டுல நிலவறைக்குள்ள தண்ணி வந்துச்சே, அதுல போயிடுச்சு.”

“போயிடுச்சா!”

“கூழாப் போச்சு.”

அவன் விளக்குமாற்றை என் கையிலிருந்து வாங்கி, மிச்சமிருந்த பொட்டுகளைத் தானே தேய்த்தான்.

வீட்டுக்குள் வந்ததும் காகிதத்தை உருவி, என் பழைய பூட்ஸ் பெட்டிக்கு அடியில் மறைத்தேன். இங்கேதான் என் பிறவிக்குணம் என்னைக் காட்டிக்கொடுத்தது. காகிதம் கோப்பில் இல்லை என்பதே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளடக்கப் பட்டியலில் ‘7. அமெரிக்கப் பதிவு’ என்று எழுதியிருக்கிறது. ஏழாவது இடம் காலி. ஊரை ஏமாற்றலாம், பட்டியலை எப்படி ஏமாற்றுவது? மூன்றாம் நாள் அதை எடுத்துவந்து ஏழாவது இடத்திலேயே மாட்டிவிட்டேன். அப்புறம்தான் மூச்சு வந்தது. அந்த அலமாரி என்னுடையது, ஹன்னலோரே தொடுவதில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அவள் சந்தேகப்படாமலும் இல்லை. டாசோஸ் சொல்லிக் கேள்விப்பட்டு வந்து கேட்டாள்.

“நீ ஒரு காகிதத்தைத் தண்ணில போக விட்டியா? எழுபத்தெட்டுல வாங்கின டோஸ்டரோட ரசீதையே பத்திரமா வெச்சிருக்கிற ஆளு நீ.”

“வெள்ளத்துக்கு டோஸ்டர் ரசீதுன்னும் தெரியாது, கூபே காகிதம்னும் தெரியாது.”

“பாவம் டாசோஸ். நேத்து வாசோ அழுதா, தெரியுமா? அந்த வண்டியை வெச்சுத்தான் அவரு வேலையை விட்ட வருத்தத்தையே மறந்தாராம்.”

நான் செய்தித்தாளைப் பெரிதாக விரித்துக்கொண்டேன்.

டாசோஸ் சும்மா இருக்கவில்லை. இரண்டு தடவை அலுவலகத்துக்கு அலைந்தான். யாரோ சொன்னார்கள் என்று மகளை விட்டு அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதவைத்தான். பதிலே இல்லை. ஜூன் பாதியில் ஒரு மாலை எங்கள் கதவைத் தட்டினான். கையில் சாவி.

“ஓட்மார், நானும் பார்த்தாச்சு. ஒம்பது வருஷம் கேரேஜுல வெச்சு அதைச் சாகடிக்க முடியாது. வேற எவனுக்கோ குடுக்கவும் மனசு வரலை. உனக்கு வேணும்னா எடுத்துக்கோ. குடுத்த விலையே போதும்.”

“நீ போட்ட தகடு, பெயின்ட்?”

“அதை எப்படியா விலை போடறது? சந்தோஷமா செஞ்ச வேலை அது.”

நான் யோசிக்கிற மாதிரி தாடையைத் தடவினேன். நடிப்பு. உள்ளே குதித்துக்கொண்டிருந்தேன். மறுநாளே எல்லாம் முடிந்தது. சாவியைக் கொடுக்கும்போது அவன் முகத்தில் பொறாமை தெரிகிறதா என்று உற்று உற்றுப் பார்த்தேன். இரண்டு வருஷம் நான் தின்றதில் கால்வாசியாவது அவன் தின்ன வேண்டாமா? தெரியவில்லை. ‘ரெண்டாவது கியர் குளிர்ல கொஞ்சம் அடம் பிடிக்கும், திட்டாதே’ என்றான், அவ்வளவுதான்.

ஹன்னலோரே தலையில் அடித்துக்கொண்டாள். “ரெண்டு வாரம் ஓட்டறதுக்கு வண்டி வாங்குற ஒரே ஆளு நீதான். ஜூலைல என்ன பண்ணுவே? உள்ள உட்கார்ந்து வாயாலேயே சத்தம் போடுவியா?”

என்னிடம் திட்டம் இருந்தது. ஆகஸ்டில் நிலவறையை ஒழித்துச் சுத்தம் செய்வேன். பழைய வரிக் காகிதங்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருந்தது என்று அந்தக் காகிதத்தோடு மேலே வருவேன். ‘அடடா, டாசோஸ், இதைப் பாரேன்!’ என்பேன். கண்ணாடி முன்னால் ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

அந்த இரண்டு வாரமும் ஓட்டினேன். வண்டி முன்பைவிட நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. கதவு மூடுகிற சத்தத்தில் அவன் கை தெரிந்தது. ஸ்டியரிங்கில் அவன் மெழுகு மணத்தது. நதிக்கரைச் சாலையில் எண்பதில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன், ராஜா வரவில்லை. அவன் இந்தத் திருப்பத்தில் என்ன செய்திருப்பான், ஹன்னலோரே எங்கே சிரித்திருப்பாள் என்றே மனசு ஓடியது. வண்டி என் கைக்கு வந்த பிறகும் பொறாமை போகவில்லை. இப்போது அவன் ஓட்டிய இரண்டு வருஷத்தின்மேல் பொறாமை.

ஜூலை ஏழு, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் காப்பி நேரம். ஹன்னலோரே பிளம்ஸ் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. டாசோஸும் வாசோவும். டாசோஸுக்கு மூச்சு வாங்கியது. ஒரு மாடி இறங்கியதற்கு அவ்வளவு மூச்சு வாங்காது, சந்தோஷத்தில் வாங்கியது.

“உட்காரு, உட்காரு. முதல்ல உட்காரு ஓட்மார்!”

“என் வீட்ல என்னையே உட்காரச் சொல்றியா? என்ன விஷயம்?”

அவன் ஒரு நீள உறையை மேஜைமேல் வைத்தான். ஓக்லஹோமா. ஏற்கெனவே பிரித்திருந்தது. உள்ளே சான்றளித்த நகல்: முதல் பதிவு, மார்ச் 1983.

“நேத்து சாயங்காலம் மகளோட வீட்டுக்கு வந்திருக்கு. இன்னைக்குக் காலைல போய் வாங்கிட்டு வந்தேன். இனிமே ஒருத்தனும் உன்னைத் தடுக்க முடியாது. நாளைக்கே போ. எச் போட்டுக்கிட்டு நேரா ஸ்டட்கார்ட்டுக்குள்ள போ!”

“இது... நீ எழுதி வரவழைச்சதுதானே. உன் காகிதம்” என்றேன்.

“வண்டி உன்னோடது, காகிதம் மட்டும் எனக்கு எதுக்கு? சொவத்துல மாட்டவா?” என்று சிரித்தான்.

“இதை மறைச்சு வெச்சு, வண்டியைத் திருப்பிக் கேக்கலாம்னு உனக்குத் தோணவே இல்லையா?” எப்படி இதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

அவன் நான் வேறு மொழியில் பேசியது போல் பார்த்தான். வாசோதான் சொன்னாள்: “ஒரு நிமிஷம் நான் சொல்லிப் பார்த்தேன், ஓட்மார். பொய் எதுக்கு. ‘சீ, என்ன பேச்சு இது’ன்னுட்டாரு.”

அந்த நேரத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், அவன்மேல் எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால் பழைய பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. வண்டிக்காக இல்லை. இப்படி ஒரு மனசு இவனுக்கு எங்கிருந்து கிடைத்தது, எனக்கு மட்டும் ஏன் தரவில்லை என்று.

ஹன்னலோரே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு அந்தக் காகிதத்தைக் கேக் துகள் படாமல் ஓரத்தில் பிடித்துத் தூக்கினாள்.

“காப்பி கொட்டறதுக்கு முன்னாடி இதைக் கோப்புல வெச்சிடறேன். இதையும் தண்ணில விட்டா அவ்வளவுதான்.”

“நான் வைக்கறேன்” என்று எழுந்தேன்.

“நீ உட்காரு. விருந்தாளி வந்திருக்காங்க.”

அந்த அறைக்கும் மேஜைக்கும் நடுவே கதவுகூடக் கிடையாது. அவள் நாலாவது கோப்பை இழுப்பதும், வளையத்தைத் திறப்பதும், துளையிடும் கருவி க்ளக் என்பதும் எனக்குக் கேட்டது.

“ஓட்மார்” என்றாள் உள்ளேயிருந்து. “ஏழாவது இடத்துல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு.”

கோப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்து, கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, என்ன செய்கிறோம் என்றே தெரியாத முகம் அது. டாசோஸ் குனிந்து பார்த்தான். அதே முத்திரை, நீல மையில். தண்ணீர் பட்ட சுவடு ஒரு துளிகூட இல்லை. அவன் அதை விரலால் தடவிப் பார்த்தான், தொழிற்சாலையில் ஒரு பாகம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பானே, அப்படி.

“எப்போலேர்ந்து இருக்கு இது?” என்றான்.

“எப்பவுமே” என்றேன்.

வாசோ தன் பையை எடுத்துக்கொண்டாள். நான் அலமாரிக்கு ஓடி, சாவியை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன்.

“எடுத்துக்கோ டாசோஸ். பணம் வேண்டாம். சும்மாவே எடுத்துக்கோ.”

அவன் சாவியைத் தொடவில்லை. கோபமாகத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

“திருப்பி வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஓட்மார். வாங்கின மறுநாளே கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். நீ பத்தொம்பது வருஷம் வெச்சிருந்த வண்டின்னு எனக்குத் தெரியாதா?”

பாதி குடித்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு இருவரும் மாடியேறினார்கள். ஹன்னலோரே கேக்கை மூடினாள். அன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை. அதற்கடுத்த வாரமும் உப்பை எடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேசவில்லை.

எச் பலகை வாங்கிவிட்டேன். வாங்காமல் என்ன செய்வது? வண்டியை யாருக்காவது விற்றால் டாசோஸ் அதைத் தெருவில் பார்க்கக்கூட முடியாமல் போகும். கேரேஜில் வைத்தால் சாகும் என்று அவனே சொன்னான். பெட்ரோல் பங்கில் சின்னப் பையன்கள் போட்டோ எடுக்கிறார்கள். ‘டீசலா? கூபேலயா?’ என்று முன்பின் தெரியாதவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். ஆசைப்பட்டதெல்லாம் நடந்திருக்கிறது.

போன சனிக்கிழமை சந்தைக்குக் கிளம்பினேன். தெருமுனைப் பஸ் நிறுத்தத்தில் மூன்று பேரும் பையோடு நின்றார்கள்: டாசோஸ், வாசோ, என் மனைவி. வண்டியை நிறுத்தினேன்.

“ஏறிக்குங்க. இடம் இருக்கு.”

வாசோ வேறு பக்கம் பார்த்தாள். டாசோஸ் மரியாதையாகத் தலையசைத்தான், வழியில் போகிற யாரோ ஒருவருக்கு அசைப்பது போல.

“பஸ் வந்துடும், நீ போ” என்றாள் ஹன்னலோரே.

பஸ் வந்தே விட்டது. ஏறிக்கொண்டார்கள். நதிக்கரைச் சாலை ஒற்றைச் சாலை; பஸ்ஸை முந்த இடம் வேண்டும், அந்த இன்ஜினுக்கு அவ்வளவு வேகமும் கிடையாது. சந்தைவரைக்கும் அதன் பின்னாலேயே போனேன். பின் கண்ணாடியில் மூன்று தலைகள் தெரிந்தன. டாசோஸ் ஏதோ சொன்னான், நடுவிலிருந்த ஹன்னலோரே தோள் குலுங்கச் சிரித்தாள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.